கடுகு, தேங்காய், வி.ஆர். பெட்டி

வாசகர் கேள்வி – பதில்

தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்பில் மெய்நிகர்க் காட்சியைப் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகள் இந்த முறை. ‘மெய்நிகர்’ என்று நாம் எழுதினாலும் நெல்லை வண்ணாரப்பேட்டைக் கடையில் ‘வி.ஆர். பாக்ஸ்’ என்று கேட்டால்தான் எடுத்துப் போடுவார்கள். ஆகவே இங்கும் அப்படியே. இரண்டு லென்ஸ் வைத்த பெட்டி அது; உள்ளே போனைச் செருகிக் கண்ணோடு சேர்த்து வைத்தால் சுற்றிலும் மேலும் கீழும் காட்சி தெரியும், தலை திரும்பினால் காட்சியும் திரும்பும். அவ்வளவுதான் சங்கதி. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை 34 பிள்ளைகள். பழைய மாணவர்கள் சேர்ந்து 30,000 ரூபாய் தருகிறார்கள். “நல்ல ஹெட்செட்டா ஒண்ணு வாங்கிருவோம் டீச்சர்” என்கிறார்கள். வாங்கலாமா? (தலைமையாசிரியை)

வேண்டாம் டீச்சர். முதல் காரணம் வயது. மெட்டா நிறுவனம் தன் குவெஸ்ட் ஹெட்செட்டை (போன் செருகாமலே தலையில் மாட்டிப் பார்க்கும் வி.ஆர். கருவி) பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதிப்பதில்லை. 10 முதல் 12 வரை பெற்றோர் பொறுப்பில் நடக்கும் கணக்கு வேண்டும். இந்தத் தளர்வே 2023இல் வந்ததுதான். அதற்கு முன் 13 வயது. உங்கள் 34 பேரில் பத்து நிரம்பியவர்கள் ஐந்தாம் வகுப்பில் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்காக முப்பதாயிரமா?

இரண்டாவது, கண்களின் இடைவெளி. இரு கண்மணிகளுக்கும் நடுவே பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ.; எட்டு வயதுப் பிள்ளைக்கு 55க்குப் பக்கம். குவெஸ்ட் 2இன் லென்ஸ்களை எவ்வளவு நெருக்கினாலும் 58க்குக் கீழே வராது. பிள்ளை லென்ஸின் நடுவழியாகப் பார்க்காமல் உள்ளோரம் வழியாகப் பார்க்கும். மங்கலாகத் தெரியும், கண் வலிக்கும், ஆனால் ‘நல்லா தெரியுது டீச்சர்’ என்றுதான் சொல்லும். கையில் கிடைத்ததை எந்தப் பிள்ளை விட்டுக்கொடுக்கும்?

மூன்றாவது வெறும் கணக்கு. ஒரு பிள்ளைக்கு நாலு நிமிடம் காட்சி, மாட்டிக் கழற்றித் துடைக்க ஒரு நிமிடம். 34 பேருக்கு 170 நிமிடம், அதாவது நாலு பீரியடுக்கும் மேல். ஒருவர் பார்க்கையில் 33 பேர் சும்மா இருப்பார்கள். சும்மா இருக்கும் 33 பேர் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பணத்தை இப்படிப் பிரியுங்கள். ஜைரோஸ்கோப், அதாவது போன் திரும்புவதை உணரும் சென்சார், உள்ள பழைய போன் நாலு (எப்படிப் பார்ப்பது என்று அடுத்த பதிலில்). தலையில் கட்டும் வார் இல்லாமல் கையில் பிடித்துப் பார்க்கும் பெட்டி அஞ்சு. ஒன்று உபரி, கட்டாயம் ஒன்று நசுங்கும். அட்டைப் பெட்டி சில நூறு ரூபாய்தான். வார் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. தலை சுற்றினால் பிள்ளை கையை இறக்கினாலே போதும், காட்சி போய்விடும். வார் இருந்தால் யாராவது கழற்றிவிட வேண்டும்.

நாலு, ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் பெட்டி, அதுவும் பக்கத்தில் ஆள் நிற்க, மூன்று நாலு நிமிடம். அந்த இரு வகுப்பிலும் சேர்த்து 14 பேர் என்று வைத்தால், நாலு போனில் நாலு சுற்று, இருபது நிமிடத்தில் முடியும். மூன்றாம் வகுப்பு வரைக்கும் அதே 360 பாகைப் படத்தை (சுற்றிலும் எல்லாத் திசையும் அடங்கிய படம்) ஸ்மார்ட் போர்டிலோ டி.வி.யிலோ போட்டு, விரலாலோ மவுஸாலோ இழுத்துத் திருப்பிக் காட்டுங்கள். ‘இடது பக்கம் என்ன இருக்கும்?’ என்று கேட்டுவிட்டு இழுத்தால் வகுப்பே கழுத்தை நீட்டும். பாதி வி.ஆர். அங்கேயே வந்துவிடுகிறது.

மிச்சப் பணத்தில் கைலென்ஸ் பத்து, காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப் இரண்டு. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு வடிவமைத்த அந்தக் காகிதச் சாதனம் 140 மடங்கு பெருக்கிக் காட்டும். வெங்காயத் தோலை உரித்து ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் செல் சுவர் செங்கல் அடுக்கினாற்போலத் தெரியும். எந்த வி.ஆர். காட்சியும் அதற்கு ஈடில்லை, ஏனென்றால் அந்த வெங்காயம் அவர்கள் வீட்டு வெங்காயம்.

அண்ணாச்சி, மேலப்பாளையத்தில் செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காகப் பழைய போன் சேர்க்கோம். எந்தப் போன் ஆகும், எது ஆகாது? பெட்டியை நாங்களே செய்யலாமா?

தம்பி, முதலில் ஜைரோஸ்கோப். விலை குறைந்த போன் பலவற்றில் அது இருக்காது. முடுக்கமானியும் திசைகாட்டியும் மட்டும்தான் இருக்கும். சென்சார் டெஸ்ட் ஆப் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். ஆப் இல்லாமலும் பார்க்கலாம்: யூடியூபில் ஒரு 360 வீடியோவைத் திறந்து போனை மெல்லத் திருப்புங்கள். காட்சி வழுக்கிக்கொண்டு கூடவே வந்தால் இருக்கிறது. அசையாமல் நின்றாலோ குதித்துக் குதித்து வந்தாலோ இல்லை, அதை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து திரை. 5 முதல் 6 அங்குலம் நல்லது. 6.5க்கு மேல் போனால் பாதிப் பெட்டிகளில் நுழையாது. திரை ஃபுல் எச்.டி. ஆக இருக்கட்டும்; அதற்குக் குறைந்தால் லென்ஸ் பெருக்கிக் காட்டும்போது கொசுவலை வழியாகப் பார்ப்பதுபோல் கட்டம் கட்டமாகத் தெரியும். பின்மூடி லேசாக உப்பியிருக்கும் போனை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். பேட்டரி வீங்கியது பிள்ளை முகத்துக்கு இரண்டங்குலத்தில் இருக்கக் கூடாது.

தயார் செய்யும்போது: சிம்மை எடுங்கள், பின்கவரைக் கழற்றுங்கள் (சூடு வெளியேற), தானியங்கி வெளிச்சத்தை நிறுத்திப் பாதிக்குச் சற்று மேல் வையுங்கள், அறிவிப்புகளை நிறுத்துங்கள். சனிக் கிரகத்துக்கு நடுவில் கடன் வேண்டுமா என்று செய்தி வந்தால் பாடம் போச்சு.

தொந்தரவுகளில் முக்கியமானது, போன் அசையாமலே காட்சி மெல்ல நகர்வது. ஜைரோஸ்கோப்பின் சிறு பிழை சேர்ந்துகொண்டே போவதால் வருவது அது. போனைச் சமமான மேசையில் ஆடாமல் சிறிது நேரம் கிடத்தி, பிறகு ஆப்பை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகும். இரும்பு பெஞ்சும் காந்தப் பூட்டு வைத்த கவரும் திசைகாட்டியைக் குழப்பும். மர பெஞ்சில் உட்கார வையுங்கள். பழைய அட்டைப் பெட்டிகளில் பக்கவாட்டில் காந்தம்தான் பொத்தானாக இருக்கும், அதுவும் இதே சேட்டையைச் செய்யும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இன்னொன்று. சூடு ஏறினால் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காட்சி திக்கித் திக்கி வரும். தலை திரும்பிய பிறகு காட்சி திரும்பும், பிள்ளைக்குக் குமட்டும். ‘வீடியோ சரியில்லை’ என்பார்கள்; கோளாறு வீடியோவில் இல்லை, சூட்டில். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஃபேனுக்கு அடியில் ஆறவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கிற கெட்டிக்காரர்கள் உண்டு. உள்ளே நீர் பூத்துப் போன் செத்துப்போகும்.

பெட்டியைத் தாராளமாகச் செய்யலாம். கூகுள் 2014இல் கார்டுபோர்டு பெட்டியை அறிமுகம் செய்தபோதே அதன் வரைபடத்தைப் பொதுவில் விட்டது. 2021இல் விற்பனையைத்தான் நிறுத்தினார்கள், வரைபடம் இன்றும் கிடைக்கிறது. முதல் மாதிரிக்கு 25 மி.மீ. விட்டமும் 45 மி.மீ. குவியத் தூரமும் உள்ள இருபுறக் குவிலென்ஸ் இரண்டு வேண்டும். கெட்டியான நெளி அட்டை போதும். பிஸ்கட் பெட்டி தாங்காது.

லென்ஸ் வந்ததும் ஜோடியைச் சோதியுங்கள். அறையின் உள்சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, எதிரே உள்ள சன்னலை நோக்கி லென்ஸைத் தாளுக்கு முன்னால் பிடியுங்கள். முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் சன்னல் தலைகீழாகத் தெளிவாக விழும். லென்ஸுக்கும் தாளுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்தால் 45 மி.மீ.யை ஒட்டி வரும். இரண்டு லென்ஸுக்கும் ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஜோடியைச் சேர்க்காதீர்கள். ஒரு கண்ணுக்குத் தெளிவாகவும் மறு கண்ணுக்கு மங்கலாகவும் வரும். இந்தச் சோதனையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள், ஒளிப் பாடம் ஒன்று கணக்கில் சேரும்.

காட்சி இரட்டையாகத் தெரிந்தால், போன் நடுவில் உட்காரவில்லை. திரையின் நடுக்கோடும் பெட்டிக்குள் நிற்கும் நடுத்தடுப்பும் ஒரே நேரில் வர வேண்டும். சரியான இடத்தில் போனின் மேல்விளிம்புக்கு நேராக அட்டையில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த தடவை தேட வேண்டாம்.

கடைசியாக, இதைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்: லென்ஸ் வெயிலைப் பார்க்கக் கூடாது. போன் கிட்டத்தட்ட குவியத் தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. தாழ்வாரத் திண்ணையில் பெட்டியை மல்லாத்தி வைத்துவிட்டு மணி அடிக்கப் போனால், பூதக்கண்ணாடியால் பேப்பர் எரிக்கிற அதே வித்தை திரையில் நடக்கும். திரும்பி வந்து பார்த்தால் அழியாத பொட்டு ஒன்று இருக்கும். பெட்டியை மூட ஒரு துணிப்பை தைத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊரு பள்ளிக்கூடத்துல பிள்ளைய கண்ணுல பொட்டியை வச்சுப் படம் காட்டப்போறதாச் சொல்லுதாவ. என் மவ நாலாப்பு. கண்ணு கெட்டுப்போவாதா? பஸ்ஸுல போனாலே அவளுக்கு வாந்தி வரும். (ஒரு தாய், களக்காடு)

பயப்பட வேண்டாம் அம்மா. ஆனால் டீச்சரிடம் போய் நாலு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். வி.ஆர். பார்ப்பதால் குழந்தைகளின் கண் வளர்ச்சிக்கு நிரந்தரக் கேடு வரும் என்பதற்குச் சான்று இல்லை என்றுதான் அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி சொல்கிறது. களைப்பு வரும் என்பது உண்மை. நிஜத்தில் கிட்டே இருக்கும் பொருளைப் பார்த்தால் இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், கண்ணின் லென்ஸும் அதே தூரத்துக்குக் குவியும். பெட்டிக்குள் திரும்புவது ஒரு தூரத்துக்கு, குவிவது வேறொரு தூரத்துக்கு. இந்த இழுபறிதான் கண்வலியாகவும் தலைவலியாகவும் தெரிகிறது. நாலு நிமிடத்தில் நிறுத்தி, சன்னல் வழியாகத் தூரத்துப் பனைமரத்தைச் சற்று நேரம் பார்க்கச் சொன்னால் சரியாகிவிடும்.

வாந்தி வேறு கதை. கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘உட்கார்ந்துதான் இருக்கிறோம்’ என்கிறது. பஸ்ஸில் நடப்பதன் தலைகீழ். ஆகவே உங்கள் மகளுக்கு வீடியோ வேண்டாம், அசையாத 360 படம் போதும் என்று டீச்சரிடம் சொல்லுங்கள். கேமரா பறப்பது, ராட்டினம், ரோலர் கோஸ்டர் ஆகியவை எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் வேண்டாம். சாப்பிட்ட உடனேயும் கூடாது. சத்துணவு முடிந்து முதல் பீரியடில் வைக்கிறார்கள் என்றால் மாற்றச் சொல்லுங்கள். முகம் வெளுத்தாலோ, கொட்டாவி வந்துகொண்டே இருந்தாலோ, நெற்றியில் வியர்த்தாலோ உடனே பெட்டியை இறக்க வேண்டும். வாந்தி அதற்கப்புறம்தான் வரும்.

வலிப்பு வந்த பிள்ளை என்றால் மருத்துவர் சொல்லாமல் காட்டவே கூடாது. ‘மெட்ராஸ் ஐ’ ஊரில் பரவும் வாரத்தில் பெட்டியைப் பூட்டி வைத்துவிடுவதே நல்லது. மற்ற நாளில் முகம் படும் இடத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் இடையே சானிடைசர் நனைத்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும். அட்டைப் பெட்டி ஈரம் தாங்காது. நெற்றியும் மூக்கும் படும் விளிம்பில் அகலமான செலோடேப் ஒட்டினால் துடைக்கலாம். சானிடைசர் லென்ஸில் படக் கூடாது, மேற்பூச்சு பால்நிறமாகிவிடும். லென்ஸுக்கு மூக்குக் கண்ணாடி துடைக்கும் உலர்ந்த துணிதான்.

ஒரு உபகாரமும் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் ‘ஐயோ, கிட்ட வருது’ என்று கத்தும்போது ஒரு பிள்ளை மட்டும் ‘சும்மா படம்தான் தெரியுது’ என்றால், அதன் இரு கண்ணும் சேர்ந்து வேலை செய்யாமல் இருக்கலாம். அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப்போய்ப் பார்த்துவிடுங்கள். மந்தக்கண்ணைச் சின்ன வயதிலேயே கண்டால் சரிசெய்வது எளிது.

ஐந்தாம் வகுப்புக்குச் சூரியக் குடும்பம் எடுக்கிறேன். வி.ஆரில் காட்டினேன். பிள்ளைகள் கத்திக் கும்மாளம் போட்டார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. எங்கே தப்பு? (ஆசிரியர், வள்ளியூர் வட்டாரம்)

தப்பு முதல் நாளிலேயே பாடம் நடத்தியதில். முதன்முதலாகப் பெட்டியைக் கண்ணில் வைக்கும் பிள்ளைக்குப் பெட்டிதான் பாடம். அந்த நாளை அதற்கே விட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு கடலடிப் படம், மூன்று நிமிடம், கேள்வி கிடையாது. பாடம் இரண்டாவது தடவையிலிருந்து.

இரண்டாவது தடவை இப்படி. எல்லாப் பிள்ளைகளையும் கரும்பலகையைப் பார்த்து உட்கார வைத்து, அதே திசையில் காட்சியைத் தொடங்குங்கள். பிறகு ‘இடது, வலது’ என்று சொல்லாமல், ‘சன்னல் பக்கம் பாரு, இப்போ பீரோ பக்கம் பாரு’ என்று சொல்லுங்கள். உள்ளே எல்லாருக்கும் ஒரே இடம் தெரியும். இது இல்லாமல் பத்துப் பிள்ளைகள் பத்துத் திசையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் வியாழனை விளக்குவதில் பயனில்லை. பெட்டியைக் கையில் கொடுக்கும் முன்பே ஒரே ஒரு தேடல் வேலை கொடுங்கள்: ‘வளையம் இருக்கிற கோளுக்குப் பக்கத்தில் சின்னதாக எத்தனை உருண்டை?’ இறக்கியதும் பேசவிடாமல் நோட்டில் வரையச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் வரைவது, நாலு நிமிடம் பார்த்ததைவிட முக்கியம்.

இன்னொரு பிழை உங்களுடையதல்ல, காட்சியுடையது. வி.ஆர். சூரியக் குடும்பத்தில் கோள்கள் எல்லாம் ஒரே அறைக்குள் தொங்கும். தூரமும் பருமனும் ஒரே அளவுகோலில் இருந்தால் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது என்பதால் அப்படிச் செய்கிறார்கள். பிள்ளை அதையே நம்பிவிடும். ஆகவே பெட்டிக்கு அடுத்த பீரியடு மைதானத்தில்.

ஒரு கடுகு பூமி, 1 மி.மீ. என்று வையுங்கள். அப்படியானால் சூரியன் 109 மி.மீ., உரித்த சின்னத் தேங்காய். கடுகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தேங்காயிலிருந்து 11.7 மீட்டர் நடக்க வேண்டும். நிலா அந்தக் கடுகிலிருந்து மூன்று செ.மீ. தள்ளி, கால் மி.மீ. பருமனில், ஒரு ரவைத் துணுக்கு. வியாழன் 11 மி.மீ., சுண்டைக்காய்; 61 மீட்டரில் நிற்கும், பல பள்ளிகளில் மைதானம் அதற்குள் முடிந்துவிடும். நெப்டியூன் 353 மீட்டர் தள்ளி, ஊர் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கம். அடுத்த நட்சத்திரம் எங்கே என்று யாராவது கேட்பார்கள். அதே அளவில் 3,150 கி.மீ., காஷ்மீரைத் தாண்டிய இடம். நடுவில் ஒன்றுமில்லை. இந்த ‘ஒன்றுமில்லை’யை எந்தப் பெட்டியும் காட்டாது.

ரத்தத்துக்கும் இதே வைத்தியம். வி.ஆரில் சிவப்பணு பூசணிக்காய் அளவில் உருண்டு வரும். ஒரு தலைமுடியைப் பிடுங்கிக் காட்டி, இதன் அகலத்தில் பத்துச் சிவப்பணுவை வரிசையாக வைக்கலாம் என்று சொல்லிவிட்டு அப்புறம் பெட்டியைக் கொடுங்கள்.

மூன்றாம் வகுப்புக்குப் பிறை தேய்வதும் வளர்வதும். வி.ஆர். இல்லாமல் எப்படி? (முக்கூடல்)

ஒரு குண்டு பல்பு, ஒரு எலுமிச்சை, ஒரு பென்சில். சன்னலைச் சாத்தி, பிள்ளையின் தலை உயரத்தில் பல்பை எரியவிடுங்கள். பென்சிலில் குத்திய எலுமிச்சையைக் கையை நீட்டித் தலைக்குச் சற்று மேலே பிடிக்கட்டும். நேராகப் பிடித்தால் தலையின் நிழல் விழுந்து கிரகணமாகிவிடும். பல்பைப் பார்த்து நின்றால் எலுமிச்சையின் இருண்ட பக்கம், அமாவாசை. இடப்பக்கமாகக் கால்வட்டம் திரும்பினால் வலது பாதி ஒளிரும், வளர்பிறை. முதுகைப் பல்புக்குக் காட்டினால் பௌர்ணமி. பிள்ளையின் தலைதான் பூமி, சுற்றிலும் வானம். உண்மையில் இதுவே வி.ஆர்., சார்ஜ் போட வேண்டியதில்லை.

வெளிநாட்டில் செய்த வானக் காட்சிகளில் இன்னொரு சிக்கல். அங்கே மூன்றாம் பிறை அரிவாள்போல் நின்றுகொண்டிருக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குப் பெரும்பாலும் தோணிபோல் படுத்திருக்கும். துருவ நட்சத்திரமும் அங்கே நடுவானில். இங்கே வடக்கு அடிவானத்துக்கு மேலே ஒன்பது பாகைகூட இல்லை, கை நீட்டிப் பிடித்த ஒரு முஷ்டி உயரம். ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளில் இடத்தை வடக்கு 8.7, கிழக்கு 77.7 என்று மாற்றிவிட்டால் நெல்லை வானமே வரும். மாற்றாமல் காட்டினால், ராத்திரி மொட்டைமாடிக்குப் போய்ப் பார்க்கும் பிள்ளை டீச்சர் சொன்னது பொய் என்று நினைக்கும். வாய்ப்பிருந்தால் கொக்கிரகுளத்தில் 1987 முதல் இருக்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்குள்ள கோளரங்கத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே வானத்தைப் பார்க்கலாம், முகத்தில் எதையும் மாட்டாமல்.

கூந்தன்குளம் பறவைகளை 360 கேமராவில் எடுத்து மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு வி.ஆரில் காட்ட ஆசை. எப்படி எடுப்பது? (தன்னார்வல இளைஞர், நாங்குநேரி)

ஆசை நல்லது, கருவி தப்பு. கணக்கைப் பாருங்கள். 360 கேமரா ஒரு படத்தின் முழு வட்டத்தையும் 5,760 புள்ளிகளில் அடக்குகிறது என்று வைப்போம்; ஒரு பாகைக்கு 16 புள்ளி. ஒரு மீட்டர் உயர மஞ்சள்மூக்கு நாரை 50 மீட்டர் தள்ளி நின்றால் ஒரு பாகைக்குச் சற்று அதிகம்தான், 18 புள்ளி உயரம். கொக்கா நாரையா என்றுகூடத் தெரியாது. கிட்டே போனால் பறந்துவிடும், கூடு கட்டும் காலத்தில் கிட்டே போகவும் கூடாது. பறவைக்குப் பைனாகுலரும் நேரில் போவதும்தான்.

அதே கேமராவுக்கு ஏற்ற இடம் நாலா பக்கமும் கிட்டத்தில் விஷயம் இருக்கிற இடம். காருக்குறிச்சியில் மண்பாண்டச் சூளைக்குப் பக்கம், பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் அறை, வாழைத் தோட்டத்தின் நடு, நீர் வற்றிய கோடையில் குளத்து மடையின் வாய். முக்காலியில் கேமரா 110 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், அது உட்கார்ந்து பார்க்கும் பிள்ளையின் கண் உயரம். ஆள் உயரத்தில் எடுத்தால் பிள்ளை அந்தரத்தில் தொங்குவதுபோல் உணரும். ஒரு மீட்டருக்குள் எதுவும் வரக் கூடாது. இரண்டு லென்ஸ் படத்தையும் ஒட்டும் தையல் அங்கே பிசகும், ஆளுக்கு ஒன்றரைக் கை தெரியும். உச்சி வெயிலைத் தவிருங்கள். முக்கியமான பொருளைத் தையல் கோட்டில் வைக்காமல் ஒரு லென்ஸின் நேர் எதிரே வையுங்கள்.

தாமிரபரணி, காற்றாலை இவற்றைப் படம் எடுத்து இங்குள்ள பிள்ளைகளுக்கே காட்டாதீர்கள். பணகுடிப் பிள்ளைக்குக் காற்றாலை தினசரிக் காட்சி. அதன் உச்சிக் கூண்டுக்குள் பல்சக்கரமும் மின்னாக்கியும் சுற்றுவதுதான் அது பார்க்காதது. மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிப்பது கேள்விப்பட்டிருக்கும். எஞ்சினுக்குள் எரிபொருள் எப்படிப் போகிறது என்பது தெரியாது. காலால் போக முடியாத இடம், கண்ணால் காண முடியாத உள்பக்கம். பெட்டி அதற்குத்தான்.

பள்ளியில் நெட் சுமார்தான். ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு நாலு போனுக்குக் கொடுத்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. (மானூர்)

நிற்கத்தான் செய்யும். 4கே 360 வீடியோவுக்கு நொடிக்குச் சுமார் 20 மெகாபிட் வேண்டும். நிமிடத்துக்கு 150 எம்.பி. நாலு போனுக்கு நாலு மடங்கு. தரத்தைக் குறைத்தால் ஓடும், ஆனால் மங்கும். 1,920 புள்ளி அகலம் முழு வட்டத்துக்கும் பங்காகி, கண்ணெதிரே தெரியும் கால்வட்டத்துக்கு 480 புள்ளிதான் மிஞ்சும். வீடியோவை விட்டுவிட்டு அசையாப் படத்துக்கு வாருங்கள். ஒரு 360 படம் ஐந்து பத்து எம்.பி.தான். வீட்டிலேயே நாலு போனிலும் ஏற்றி, விமானப் பயன்முறையில் போட்டு ஒருதடவை திறந்து பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். விளக்கத்தை நீங்களே வாயால் சொல்லலாம். அந்நிய மொழியில் யாரோ பேசுவதைவிட டீச்சர் குரலுக்குப் பிள்ளை திரும்பும்.

எனக்கு 54 வயது. பெட்டியைக் கண்ணில் வைத்தாலே தலை கிறுகிறுக்கிறது. நான் எப்படிப் பாடம் நடத்த? (ஆசிரியை, பாளையங்கோட்டை)

நீங்கள் பார்க்க வேண்டியதே இல்லை டீச்சர். அதே படத்தை லேப்டாப்பில் இழுத்துப் பார்த்து, எந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் வட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: மேலே கரும்பலகை, வலப்பக்கம் சன்னல், இடப்பக்கம் பீரோ, கீழே வாசல். வகுப்பில் அந்தத் தாள் உங்கள் கையில். ‘வாசல் பக்கம் திரும்பிப் பாருல, பவளத்துக்குப் பின்னால என்ன ஒளிஞ்சிருக்கு?’ என்று நீங்கள் கேட்டால், டீச்சர் பெட்டி இல்லாமலே எல்லாம் பார்க்கிறாள் என்று பிள்ளைகள் மலைத்துப்போகும்.